நாலு வாசல் பெட்டி

அத்தியாயம் 6

"அந்த ஒயரை விடுங்க."

மகேந்திரன் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தான். கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து பிடுங்கிய மவுஸ் ஒயர் அவன் கையில் தொங்கியது. வாசலில் நனைந்த குடையோடு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், இரண்டு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிய ஓர் ஆள் பல் கிட்டிக்கப் படியேறி வந்துகொண்டிருந்தான்.

"நீங்க?"

"தமயந்தி. மதுரை. உங்க மாமனார் வரச் சொல்லியிருந்தார். இவர் சுப்புராஜ், என்னோட வேலை பார்க்கிறவர்."

"வேலை பார்க்கிறதை அப்புறம் பார்ப்போம். இங்க எங்கயாச்சும் அடுப்பு இருக்கா? உள்ளயே ஏறி உக்காந்துக்கிறேன்," என்றான் சுப்புராஜ்.

சிரிக்கிற நிலையில் அந்த அறையில் யாரும் இல்லை.

செண்பகனூரில் டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, விதைக்கடை மாடியில் இரண்டே அறை. அதுதான் மூங்கில்பள்ளம் குடியிருப்போர் சங்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு இந்த மலைச்சரிவில் வந்து வீடு கட்டிக்கொண்ட எண்பத்தாறு குடும்பங்களின் சங்கம். அந்தச் சரிவு எங்களுடையது, இவர்கள் நேற்று வந்த கூலிகள் என்று வெள்ளைப்பாறை எஸ்டேட் வழக்காடிக்கொண்டிருந்தது. இன்று, திங்கட்கிழமை மாலை மூன்று மணிக்குக் கொடைக்கானல் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., முன் கடைசி விசாரணை. ஒவ்வொரு குடும்பமும் கப்பலேறும்போது வாங்கிய கார்டையோ அதன் படத்தையோ வைத்து எண்ணைக் காட்ட வேண்டும்; வாய்ச்சொல் மட்டும் செல்லாது. அரசாங்கப் பதிவேட்டில் அந்த எண் இருந்தால் வீடு அவர்களுக்கு. எண்ணைக் காட்ட முடியாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கார்டுகள் போன வருஷ மழையில் சேறாகிவிட்டன. பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சரிவு இறங்கியபோது அந்தப் பெட்டியும் சேர்ந்து இறங்கிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே ஒவ்வொரு கார்டையும் ஸ்கேன் செய்து இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். படங்கள் இருந்தது இதில் மட்டும்தான்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டபோது வழக்கமான நீலத் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. உன் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன என்று கேட்டது. விண்டோஸ் போய், அந்த இடத்தில் லினக்ஸ் உட்கார்ந்திருந்தது.

"செஞ்சது யோகேஷ்தாங்க," என்றான் சங்கச் செயலாளரான மகேந்திரன். "மேல கொடைக்கானல்ல கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுக்கிறவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க வந்து எங்கிட்ட சத்தம் போட்டுட்டுப் போனான். போலீஸ் அவன் பையப் பாத்தா உள்ள லினக்ஸ் சிடி நாலு கெடக்கு. நேத்துலேருந்து ஸ்டேஷன்ல இருக்கான். இன்னும் என்ன துப்பு வேணும்?"

மூலையில் மர நாற்காலியில் சங்கத் தலைவர் சோலைமுத்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"எனக்கு யாரையும் உள்ள தள்ளணுமின்னு இல்லம்மா. அந்த நம்பருக வேணும். அது கெடைக்குமா, கெடைக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"பன்னெண்டு மணிக்கு ஜீப் வருது மாமா," என்றான் மகேந்திரன். "வத்தலக்குண்டு சர்வீஸ் சென்டர்ல குடுத்துப் பாக்கலாம். நானே கூடப் போறேன். பெட்டிய வெளிய கொண்டுபோறதுக்கு நீங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்து மட்டும் போடுங்க."

தமயந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தேகால்.

"பன்னெண்டு வரைக்கும் பெட்டி என்கிட்ட இருக்கட்டும்."

தமயந்தி இருபத்தெட்டு வருஷம் மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்த்தவள். பத்து மைல் கம்பியில் எங்கே அறுந்திருக்கிறது என்று நடக்காமலே கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். பாதியில் சோதி, எந்தப் பாதி சரி என்று தெரிந்ததும் அதைத் தள்ளிவிட்டு மீதியை மறுபடி பாதியாக்கு. ஓய்வு பெற்ற பிறகு மனிதர்கள் விஷயத்திலும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

"சுப்பு, புதுசா ஒரு சிஸ்டம் இந்தப் பெட்டிக்குள்ள தானா முளைக்காது. வெளியிலிருந்து உள்ளே வரணும். இதுக்கு எத்தனை வாசல்?"

"எனக்குத் தெரிஞ்ச வண்டிக்கு ரெண்டுதான். முன்னால ஏறணும், பின்னால இறங்கணும்." சுப்புராஜ் பழனி-கொடைக்கானல் மினி பஸ்ஸில் பதினோரு வருஷம் கண்டக்டராக இருந்தவன்.

"இதுக்கு நாலு. சிடி போடுற தட்டு. பிளாப்பி போடுற வாய். பென் டிரைவ் செருகுற துளை. அப்புறம் டெலிபோன் ஒயர். எந்த வாசல் வழியா வந்தான்னு தெரிஞ்சா, வந்தவன் யாருன்னு பாதி தெரிஞ்ச மாதிரி."

டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். சத்தமே இல்லை.

"எப்பத்திலேருந்து?"

"வியாழக்கிழமை மழையிலேருந்துங்க." பதில் சொன்னது, தட்டச்சு மேஜையில் அதுவரை வாய் திறக்காமல் இருந்த பெண். இருபத்தாறு வயது இருக்கும். "மரம் விழுந்துட்டுது. லைன்மேன் இன்னும் வரல்ல."

"இது தேவகுமாரி. லெட்டர் டைப் அடிக்கும்," என்றான் மகேந்திரன். "வேற ஒண்ணும் தெரியாது."

"ஒரு வாசல் அடைச்சாச்சு," என்றாள் தமயந்தி.

பிடுங்கிய ஒயரைத் திரும்ப மாட்டிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். அது விழிக்கும்போதே ஒரு விசையை விடாமல் அழுத்தினாள். திரையில் சின்னப் பட்டியல் ஒன்று வந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. கண் விழித்ததும் முதலில் எந்த வாசலைப் பார்ப்பது, அடுத்து எதை என்று அதில் எழுதியிருக்கும். இதில் பிளாப்பி, ஹார்ட் டிஸ்க், சிடி என்று மூன்றே பெயர்கள். பென் டிரைவ் பெயரே இல்லை.

"பழைய மெஷின். விண்டோஸ் எழுந்து உக்காந்த பிறகு பென் டிரைவைப் பார்த்தா என்னன்னு கேட்கும். தூக்கத்திலிருந்து எழும்பும்போது அதை யாருன்னே தெரியாது. அதனால அது வழியா ஒரு புது சிஸ்டத்தை எழுப்ப முடியாது."

"ரெண்டு போச்சு," என்றான் சுப்புராஜ். "மிச்சம் சிடி, பிளாப்பி. யோகேஷ் பையில இருந்தது சிடி. அப்ப போலீஸுக்கு மூளை இருக்குன்னு ஒத்துக்க வேண்டியதுதானா?"

தமயந்தி பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, மூக்கு படுகிற தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"பொட்டு யார் வெச்சது?"

"நான்தான்," என்றாள் தேவகுமாரி. "ஆயுத பூஜைக்கு."

மானிட்டரில் ஒன்று, பிரிண்டரில் ஒன்று, பெட்டியின் நெற்றியில் ஒன்று என மூன்று சந்தனப் பொட்டுகள். நடுவில் குங்குமம். பெட்டியில் வைத்த பொட்டு சரியாகச் சிடி தட்டின் விளிம்பில் விழுந்திருந்தது. பாதி தட்டின் மேல், பாதி பெட்டியின் மேல். மூன்று வாரத்தில் சந்தனம் காய்ந்து ஏரி மண்போல வெடித்திருந்தது. ஆனால் தட்டும் பெட்டியும் சேருகிற கோட்டின் மீது அது முழுசாக, ஒரே தகடாகப் படிந்திருந்தது.

"சுப்பு, அந்தத் தட்டு ஒரே ஒரு தடவை வெளியே வந்திருந்தா இந்தப் பொட்டு என்ன ஆகியிருக்கும்?"

"ரெண்டாப் பிளந்திருக்கும்." சுப்புராஜின் குரலில் கேலி போயிருந்தது. "அக்கா, அப்ப இந்த வாசல் மூணு வாரமாத் திறக்கவே இல்ல."

"யோகேஷ் பையில நாலு சிடி இல்ல, நாப்பது சிடி இருந்தாலும் ஒண்ணுகூட இதுக்குள்ள போகலை."

மகேந்திரன் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தான். பிறகு, "அப்ப பிளாப்பி," என்றான். "பிளாப்பில செஞ்சிருப்பான். வேற என்ன?"

"பிளாப்பிதான். ஆனா ஒரு பிளாப்பியில எவ்வளவு கொள்ளும்? ஒண்ணரை எம்.பி.கூடக் கிடையாது. இந்த லினக்ஸைக் குறைச்சலாப் போட்டாலும் அறுபது எம்.பி. வேணும். நாப்பது பிளாப்பி ஆகும். ஒவ்வொண்ணா நாப்பது தடவை நுழைச்சு எடுக்க எவனும் வரமாட்டான்."

"அப்பறம் எப்படி?"

"பிளாப்பி கண்டக்டர் மாதிரி." இதைச் சொல்லும்போது தமயந்தியின் கண்கள் மின்னின. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லக் கிடைத்தால் அவளுக்குப் பசி தெரியாது. "விசில் ஊதி வண்டியைக் கிளப்பும், அவ்வளவுதான். கிளப்பினதும் அது ஒரு கேள்வி கேட்கும். 'மீதிச் சாமானெல்லாம் எங்கே இருக்கு? எதிலிருந்து எடுத்துக்கட்டும்?' சிடியிலிருந்தா, இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தா, இல்லை..."

பாதியில் நிறுத்தினாள்.

சுப்புராஜ் அவளோடு ஆறு வருஷம் இருந்தவன். அந்த நிறுத்தம் அவனுக்குத் தெரியும். கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால்தான் அவள் அப்படி நிறுத்துவாள்.

அவள் மெதுவாக எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினாள். சோலைமுத்துவின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"மன்னிச்சுக்கங்க. எல்லாமே அழிஞ்சு போச்சு. ஒண்ணும் மிச்சமில்லை."

கீழே டவுன் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு மேடேறியது.

"நிச்சயமாவா?" என்றான் மகேந்திரன்.

"நிச்சயமா."

"யாரு பாத்தாலும் எடுக்க முடியாதா?" மறுபடியும் மகேந்திரன்தான் கேட்டான்.

"முடியாது."

சோலைமுத்து எழுந்தார். "எதுக்கும் வத்தலக்குண்டுலயும் ஒருக்காக் காட்டிப் பாக்கட்டும்," என்று ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியது. "சனங்க வெள்ளனே போய் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல காத்துக் கெடக்குதுக. நாந்தான் போய்ச் சொல்லணும்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். மருமகன் பக்கம் அவர் திரும்பவில்லை. மகேந்திரனும் அவரைக் கூப்பிடவில்லை. மவுஸ் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான்.

"நாங்க டீ குடிச்சுட்டு வர்றோம்," என்றாள் தமயந்தி.

---

விதைக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் பனிமூட்டம் ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. சுப்புராஜ் இரண்டு கையாலும் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அந்தப் பெரியவர் மூஞ்சியப் பாத்தீங்கள்ல? பொய் சொல்றதுக்கு ஒரு அளவு வேணாமா?"

"பொய்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நிஜமாவே கண்டுபிடிக்க முடியலைன்னா நீங்க நாலு நாள் சாப்பிட மாட்டீங்க. இப்ப பன் கேட்டீங்க."

தமயந்தி சிரிக்காமல் பன்னைப் பிட்டாள். "சிடி இல்லை. போன் இல்லை. வேற கம்ப்யூட்டரும் அங்கே இல்லை. அப்ப மீதி அறுபது எம்.பி. எங்கேருந்து வந்தது?"

"நீங்களே சொல்லுங்க."

"பெட்டிக்குள்ளயே இருந்தது. விண்டோஸ் உயிரோடு இருந்தப்பவே பென் டிரைவ்ல கொண்டுவந்து ஹார்ட் டிஸ்க்ல இறக்கி வெச்சிருக்காங்க. ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு அறை. சி, டி. பிளாப்பி கேள்வி கேட்டதும், 'டி அறையில இருக்கு, எடுத்துக்கோ'ன்னு சொல்லி சி அறையில லினக்ஸைக் குடிவெச்சிருக்காங்க. இப்ப யோசிச்சுப் பாரு. சாமானை டி அறையிலிருந்து எடுத்துக்கிட்டிருக்கும்போதே அந்த டி அறையை இடிக்க முடியுமா?"

சுப்புராஜ் கிளாஸைக் கீழே வைத்தான்.

"முடியாது."

"கார்டு படமெல்லாம் எந்த அறையில இருந்ததுன்னு பெரியவர் போன்ல சொன்னாரு?"

"டி." அவன் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "அக்கா, அப்ப எண்பத்தாறும் உள்ளயே கெடக்கு!"

"சத்தம் போடாதே. அழிக்க வந்தவன் பிளாப்பியைத் தேடமாட்டான், சாமானை முன்கூட்டியே இறக்கமாட்டான். அழிக்கிறதுக்கு ஒரு கட்டளை போதும். வந்த வழியைப் பார்த்தா இது அழிக்க வந்த ஆள் இல்லை. ஒளிச்சு வைக்க வந்த ஆள்."

"யாருகிட்டருந்து ஒளிக்க?"

"நான் அழிஞ்சுபோச்சுன்னு சொன்னதும் யார் என்ன பண்ணினாங்க?"

சுப்புராஜ் யோசித்தான். கண்டக்டருக்கு முகம் பார்க்கத் தெரியும். டிக்கெட் எடுக்காதவன் முகம் கூட்டத்திலும் தனியாகத் தெரியும். "மகேந்திரன் ரெண்டு தரம் கேட்டான். நிச்சயமாவா, யாராலயும் எடுக்க முடியாதான்னு. வேண்டப்பட்டவங்க செத்த வீட்ல யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. அப்பறம் அவன் தோளு ரெண்டும் கீழ இறங்குச்சு, சுமைய இறக்கின மாதிரி."

"சரி. அந்தப் பெண்?"

"அது... அழல."

"பெரியவர் போன்ல சொன்னாரே, நாலு மாசம் உக்காந்து அத்தனை கார்டையும் ஸ்கேன் பண்ணினவ. எல்லாம் போச்சுன்னு நான் சொல்றேன், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்த இரும்பு பீரோவை ஒரு தடவை பார்த்தா. அவ்வளவுதான்."

அந்தப் பீரோவைத் தமயந்தி உள்ளே நுழையும்போதே கவனித்திருந்தாள். கதவின் அடியில் மஞ்சளாக ஒரு வெளிச்சக் கோடு. கொடைக்கானலில் பல வீடுகளில் அப்படி ஒரு பீரோ உண்டு. உள்ளே பதினைந்து வாட் பல்பு ஒன்று இரவு பகலாக எரியும். காமிரா, சர்ட்டிபிகேட், பட்டுப்புடவை எல்லாம் அந்தச் சூட்டில்தான் பூஞ்சை பிடிக்காமல் பிழைத்துக் கிடக்கும்.

"பிளாப்பிக்கும் அந்தச் சூடு வேணும், சுப்பு. இந்தப் பனியில பையில போட்டு எடுத்துவந்து அப்படியே சொருகினா உள்ளே ஈரம் கோத்து, பாதியில படிக்க முடியலைன்னு நிக்கும். கிளப்புற பிளாப்பி ஒரு இடத்துல தடுக்கினாலும் வண்டி நகராது. மூணோ நாலோ பிளாப்பி, ஒண்ணுகூடத் தடுக்காம ஓடியிருக்கு. காய வெச்சு எடுத்திருக்காங்க. பீரோ சாவி யார் இடுப்புல தொங்குது?"

மேலே பார்த்தான் சுப்புராஜ். "டைப் மட்டும் அடிக்கிற புள்ளை."

"மணி பதினொண்ணரை. ஜீப் வந்ததும் மகேந்திரனைக் கீழே இறக்கி, பத்து நிமிஷம் பிடிச்சு வை."

"பத்து நிமிஷமா? பதினோரு வருஷம் சில்லறை இல்லைன்னு சொல்லியே ஊரைச் சமாளிச்சவன் நான்."

---

ஜீப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது.

கீழே உடனே சண்டை தொடங்கியது. "ஏலே, வளைவுல நிப்பாட்டியிருக்க? டவுன் பஸ் எப்படித் திரும்பும்? உனக்கு லைசென்ஸ் குடுத்தவன் யாரு, உங்க மாமனா?" என்று சுப்புராஜின் குரல். டிரைவர் சின்னக்கருப்பன் அதற்கு மேல் குரல் கொடுத்தான். பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடிக்க, மகேந்திரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திப் பார்த்துவிட்டு, வேறு வழியின்றிப் படியிறங்கினான்.

தமயந்தி கதவைச் சாத்தினாள்.

"பீரோவைத் திறம்மா."

தேவகுமாரி அசையவில்லை. அவள் கை சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நான் அந்தாளோட சேர்ந்தவ இல்லை. சேர்ந்தவளா இருந்தா, டி அறை உயிரோட இருக்குன்னு அவன் முன்னாலயே சொல்லியிருப்பேன்."

சாவி திரும்பியது. மஞ்சள் வெளிச்சத்தில் கடிதப் பிரதிகள், சங்கத்தின் முத்திரை, ஒரு பிளாப்பிப் பெட்டி. பெட்டியில் பத்து பிளாப்பிகள். ஏழில் அவள் கையெழுத்தில் விவரச் சீட்டு. மூன்றில் சீட்டு உரிக்கப்பட்டிருந்தது. அந்த மூன்றின் மூலையில் மட்டும் சின்னச் சதுர ஜன்னல் திறந்திருந்தது. பிளாப்பியில் அந்த ஜன்னலைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும்.

"கவனமான ஆள் நீ," என்றாள் தமயந்தி.

அந்தப் பாராட்டில் அவள் உடைந்துபோனாள். அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தது. "புதன்கிழமை செயலாளர் போன்ல பேசினாருங்க. திங்கக்கிழமைக்குள்ள பெட்டிய சுத்தமாத் தொடச்சிடறேன், எஸ்டேட்ல சொல்லிடுங்கன்னு. நான் உள்ள இருக்கிறது தெரியாம. வேற பெட்டிக்கு மாத்தலாமின்னா மூணு ஜி.பி. என்கிட்ட இருக்கிறது கொஞ்சமாக் கொள்ற பென் டிரைவ். இருபத்தஞ்சு நடை ஆகும். அவரு பக்கத்தையே விட்டு நகரல்ல. டீ குடிக்கப் போன நேரத்துல ஒரு நடைதான் முடிஞ்சுது."

"அந்த ஒரு நடையில லினக்ஸை இறக்கினே."

"யோகேஷ் சார் சாயங்கால வகுப்புல சொல்லிக் குடுத்தாருங்க. சிடி இல்லாத பெட்டிக்கு எப்படிப் போடுறதுன்னு. சும்மா கேட்டு வெச்சேன். வெள்ளிக்கிழமை செயலாளர் போன பொறகு செஞ்சேன். சனிக்கிழமை வந்து பாத்தா தொடைக்கிற வேலைய யாரோ முடிச்சிட்டாங்கன்னு நினைச்சுக்குவாரு, தொடமாட்டாருன்னு... யோகேஷ் சார பிடிப்பாங்கன்னு சத்தியமா நினைக்கல்ல. மூணு மணிக்கு ஆர்.டி.ஓ. அம்மாகிட்ட நேராச் சொல்லிடலாமின்னு பல்லக் கடிச்சிட்டு இருந்தேன்."

"தலைவர்கிட்ட ஏன் சொல்லலை?"

"மகளக் கட்டினவரு. யாரு சொல்ல நம்புவாரு?"

கீழே ஹாரன் நின்றது. சண்டையின் சுருதி இறங்கிவிட்டது.

"பெட்டியோட மூடியைக் கழற்றியிருக்கலாமே."

"அது தெரியாதுங்க. வாசல் வழியா உள்ள போகத்தான் தெரியும்."

"எனக்கு மூடியைக் கழற்றத்தான் தெரியும்." தமயந்தி கைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். "நாலு ஸ்குரூ. பிடி."

ஒன்று. இரண்டு. மூன்றாவது துருப்பிடித்து அசைய மறுத்தது. படியில் காலடிச் சத்தம். தமயந்தி உள்ளங்கை வெளுக்க அழுத்தித் திருப்பினாள். கிரீச்சென்று இளகியது. நான்காவது. அகலமான சாம்பல் நிற ஒயர் ஒன்று, சின்னப் பவர் ஒயர் ஒன்று. புத்தகம் அளவுக்குக் கனமான ஹார்ட் டிஸ்க் கையோடு வந்தது. தேவகுமாரி அதைச் சால்வைக்குள் சுருட்டினாள். மூடி திரும்பப் பொருந்தியது. ஸ்குரூ மாட்ட நேரமில்லை.

கதவு திறந்தது. மகேந்திரன் மூச்சிரைக்க நின்றான். "எதுக்குக் கதவு சாத்தினீங்க?"

"குளிர்," என்றாள் தமயந்தி.

அவன் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். தேவகுமாரி சால்வையை இறுக்கிக்கொண்டு இருமினாள். பெட்டியை அவனே தூக்கினான். மூடி லேசாகக் கடகடத்தது. படியில் பாதி இறங்கியதும் நின்றான். பெட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினான்.

ஜீப் பனிக்குள் மறைந்தபோது சுப்புராஜ் மேலே வந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? சின்னக்கருப்பன் கோவத்துல உளறிட்டான். 'அடுக்கத்துக்கு ஒரு நடை போய்ட்டு வர்றதுக்குள்ள இத்தனை ரகளையா'ங்கறான். அடுக்கத்துல சர்வீஸ் சென்டர் எப்ப திறந்தாங்க?"

"அங்கதான் எஸ்டேட் பங்களா இருக்குதுங்க," என்றாள் தேவகுமாரி.

---

யோகேஷ் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரை நடத்துபவள் ஷர்மிளா. விஷயத்தைப் பாதி கேட்டதுமே தன் கம்ப்யூட்டர் ஒன்றின் மூடியைக் கழற்றிவிட்டாள். ஹார்ட் டிஸ்க்கை அதன் ஒயரிலேயே இரண்டாவது இணைப்பில் மாட்டினார்கள். மணி ஒன்று பத்து.

திரை வந்தது. இரண்டாவது டிஸ்க் எதுவும் இல்லை என்றது.

மறுபடி போட்டார்கள். இம்முறை முதல் டிஸ்க்கும் இல்லை என்றது.

"மேடம், இட்ஸ் டெட்," என்றாள் ஷர்மிளா மெல்ல. "ஜீப்ல அடிபட்டிருக்குமோ?"

"ஜீப்ல அது வரவே இல்லை."

தேவகுமாரி ஒயரை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். சுப்புராஜுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

தமயந்தி கண்களை மூடினாள். பாதியில் சோதி. டிஸ்க்கைத் தனியாக மாட்டினால் ஓடும், உறுமுகிற சத்தம் கேட்டது. மற்றதும் தனியாக ஓடும். சேர்ந்தால்தான் இரண்டும் பேசவில்லை. அப்படியானால் பழுது டிஸ்க்கில் இல்லை, சேர்க்கையில். டிஸ்க்கைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். அரிசி அளவுக்கு ஒரு கறுப்புத் தொப்பி இரண்டு ஊசிகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஊக்கு இருந்தா குடு."

தேவகுமாரி புடவையிலிருந்து பின்னை உருவிக் கொடுத்தாள்.

"ஒரே ஒயர்ல ரெண்டு டிஸ்க் இருந்தா ஒண்ணு தலைவன், ஒண்ணு துணை. இந்தத் தொப்பி இருக்கிற இடம்தான் அதைச் சொல்லும். ரெண்டும் நான்தான் தலைவன்னு நின்னா, ரெண்டுமே பேசாது."

"நிறையச் சங்கம் அப்படித்தான் நிக்குது," என்றான் சுப்புராஜ். அவன் குரல் திரும்பி வந்ததே எல்லாருக்கும் ஆறுதலாக இருந்தது.

தொப்பி ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது. திரையில் சி, டி போலப் புதிதாக ஓர் எழுத்து, ஓர் அறை. தேவகுமாரியே மவுஸை வாங்கித் திறந்தாள்.

திரை கொள்ளாமல் மஞ்சள் கோப்புகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குடும்பத்தலைவரின் பெயர். சுப்புராஜ் விரல் விட்டு எண்ணினான். "எண்பத்தேழு! ஒண்ணு கூடுது."

"கடைசி என்னுதுங்க," என்றாள் தேவகுமாரி. "லினக்ஸ் இறக்கி வெச்ச மூட்டை. அழிக்க நேரமில்ல."

---

விசாரணை அறையில் எஸ்டேட் வக்கீல் மூன்றாம் தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஆவணம் எதுவும் இல்லைன்னு சங்கத்தோட செயலாளரே வந்து சொல்வார், மேடம். கொஞ்சம் தாமதம் போலிருக்கு."

"செயலாளர் எங்கே?" என்றார் கோட்டாட்சியர் சண்முகசுந்தரி.

சோலைமுத்து வாய் திறக்கும் முன் கதவு திறந்தது. மைச்சூடு ஆறாத காகிதக் கட்டோடு தேவகுமாரி நின்றாள். பின்னால் தமயந்தி, சுப்புராஜ். சோலைமுத்து கட்டைப் பார்த்தார். முதல் தாளில் தன் தகப்பனார் பெயரைப் பார்த்தார். பிறகு, மருமகனின் காலி நாற்காலியை வெகுநேரம் பார்த்தார்.

"அடுக்கத்துக்குப் போயிருக்காருய்யா," என்றாள் தமயந்தி தணிந்த குரலில். "பெட்டியோட."

அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "விசாரணை முடிஞ்சதும் ஸ்டேஷனுக்கு வாறேன், யோகேஷ் தம்பி மேல குடுத்த புகாரக் கிழிக்கணும்," என்றார். தேவகுமாரியிடம், "என்கிட்டச் சொல்லியிருக்கலாம் புள்ள," என்றார். அவள் தலைகுனிந்தாள். அவரே தொடர்ந்தார். "இல்ல. சொல்லாததுதான் சரி. சொல்லியிருந்தா வீட்டுல போய் அவன்கிட்டக் கேட்டிருப்பேன்."

எழுந்து நின்று அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சங்கத்து சார்பா இந்தப் புள்ள பேசுமுங்கம்மா."

வக்கீல் ஏதோ ஆட்சேபம் சொன்னார். கோட்டாட்சியர் கையசைத்தார். குமாஸ்தா பழனிச்சாமி சிவப்புத் துணி கட்டிய பதிவேட்டை அவிழ்த்தார். வராண்டாவில் நின்ற ஜனங்கள் ஜன்னல் கம்பிகளை நெருங்கினார்கள்.

"முதல் எண்?"

தேவகுமாரி படித்தாள். பழனிச்சாமியின் விரல் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கியது. அடுத்த பக்கம். மறுபடி மேலிருந்து. பாதியில் நின்றது.

"இருக்குதுங்கம்மா."

ஜன்னலுக்கு வெளியே யாரோ விசும்பினார்கள்.

"அடுத்தது?"

தேவகுமாரி காகிதக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னலில் நின்ற முகங்களில் இரண்டாவது குடும்பத்தைத் தேடிப் பிடித்தாள். தாளைப் பார்க்காமலே அவர்களுடைய எண்ணைச் சொல்லத் தொடங்கினாள்.